கைமணமாம், கைமணம்!

தேனியிலிருந்து போடிநாயக்கனூர் போகிற சாலையில், அங்கிருந்து முந்தல் தாண்டி, போடிமெட்டு ஏறி மூணாறு போகிற சாலையில் இந்தப் பலகைகளை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். 'வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்.' 'வீட்டு முறைச் சமையல்.' 'அம்மா கைமணம்.' காரை ஓரங்கட்டி, இலை போட்டு, மொச்சைக் குழம்பும் ரசமும் ஊற்றிச் சாப்பிட்டிருப்பீர்கள். ஏப்பம் விட்டபடி, 'என்ன இருந்தாலும் வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமாய்யா!' என்று ஒரு சான்றிதழும் கொடுத்துவிட்டு மலையேறியிருப்பீர்கள்.

அந்தச் சாப்பாட்டின் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. புகாரெல்லாம் அந்தச் சான்றிதழின் மேல்தான்.

கைமணம் என்கிறோமே, அது எந்தக் கை? அந்தக் கை எத்தனை மணிக்கு எழுந்தது? அதற்கு என்ன கூலி? எல்லாருக்கும் பரிமாறிய பிறகு அந்தக் கைக்குச் சட்டியில் என்ன மிச்சம் இருந்தது? இதில் ஒரு கேள்விக்குக்கூட பதில் தெரியாமல், 'ஐயோ, நம்ம பாரம்பரியச் சமையல் அழியுதே' என்று கண்ணைக் கசக்குகிறவர்களோடுதான் இந்த வாரம் எனக்குச் சண்டை.

முதலில் மணி என்ன என்று பார்ப்போம்.

போடியிலும், சுற்றியிருக்கிற கிராமங்களிலும், அந்தப் பக்கம் கம்பம், உத்தமபாளையத்திலும் ஆயிரக்கணக்கான பெண்கள் மலையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். தோட்டம் இருப்பது கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில். சாந்தன்பாறை, பூப்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு. வீடு இருப்பது தமிழ்நாட்டில். இரண்டு மாநிலங்களுக்கும் இடையே போட்ட கோடு, இவர்கள் அடுப்புக்கும் பிழைப்புக்கும் நடுவில் போகிறது. தினமும் அந்தக் கோட்டை ஜீப்பில் தாண்ட வேண்டும். எத்தனை பேரை அடைத்துக்கொண்டு அந்த ஜீப்புகள் வளைவுகளில் ஏறும் என்பதை, பின்னால் காரில் போய் ஹாரன் அடித்தவர்கள் அறிவார்கள்.

விடிந்ததும் ஜீப் வந்துவிடும். அது காத்திருக்காது. அதற்குள் வாசல் தெளிக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், சோறு வடிக்க வேண்டும், ஒரு குழம்பு, முடிந்தால் ஒரு தொட்டுக்க. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தனியாக, வீட்டுக்காரருக்குத் தனியாக, வயசான மாமியாருக்கு மூடி வைக்கத் தனியாக, தன் தூக்குவாளிக்குத் தனியாக. நீங்களே கணக்குப் போடுங்கள். ஆறு, ஆறரைக்கு ஜீப் என்றால் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? நாலு மணி. சிலருக்கு அதற்கும் முன்னால்.

மேலே போனால் நோகாமல் நிற்கிற வேலை இல்லை. ஏலக்காய் மரத்தின் உச்சியில் காய்ப்பதல்ல. செடியின் தூரிலிருந்து சரம் கிளம்பி, தரையோடு கிடக்கும். குனிந்து, குத்தவைத்து, இலையை விலக்கி, பழுத்த காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். எல்லாக் காயும் ஒன்றாகப் பழுக்காது. அதனால் அதே செடிக்கு மறுபடி மறுபடி வரவேண்டும். காய் எடுப்பு தொடங்குவதே தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். மேலே மழை, கீழே அட்டை. அதிகம் பூச்சிமருந்து அடிக்கிற பயிர்களில் ஏலக்காயும் ஒன்று என்பதால், மதியம் தூக்குவாளியைத் திறக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவக்கூட நல்ல தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதா என்பது பெரிய கேள்வி.

இருட்டும் நேரத்தில் ஜீப் இறக்கிவிடும். இறங்கியவள் நேராக எங்கே போவாள்? அடுப்படிக்கு. இரவுச் சமையல் காத்திருக்கிறதே! அவளோடு அதே ஜீப்பில் வந்த வீட்டுக்காரர் எங்கே போவார் என்று நான் சொல்லமாட்டேன். டீக்கடை பெஞ்சிலிருந்து ஆரம்பித்துப் பல இடங்கள் இருக்கின்றன.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் சூடாகி, எல்லையில் பதற்றம் வந்து, மலைக்குப் போகிற வேலை நின்றது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து மறுபடி நின்றது. கூலி நின்றது, ஜீப் நின்றது, ஏலம் நின்றது. இந்தப் பெண்களின் இரண்டு வேலைகளில் ஒன்று மட்டும் ஒரு வேளைகூட நிற்கவில்லை. அதுதான் நீங்கள் கைமணம் என்று கொஞ்சுகிற வேலை.

சரி, என்னதான் சமைக்கிறார்கள்?

இந்த ஊர்ச் சாப்பாட்டைக் குறைத்துப் பேசினால் எனக்கே கோபம் வரும். மேற்கே மலை, கிழக்கே மானாவாரிக் காடு. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுக்குள் பேசுகிற குடும்பங்கள், ராவுத்தர் குடும்பங்கள், மலையேறி இறங்குவதால் ஒட்டிக்கொண்ட மலையாளப் பழக்கங்கள். எல்லாம் சேர்ந்த சமையல் இது. கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். கம்மஞ்சோறும் மோரும் சின்ன வெங்காயமும். பச்சை மொச்சைக் காலத்தில் கத்தரிக்காய் போட்ட புளிக்குழம்பு. ஆட்டுக்கறி மலிவாகக் கிடைத்தால் உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்த உப்புக்கண்டம். மலையிலிருந்து வந்த கட்டஞ்சாயா, கப்பைக்கிழங்கு, பலாக்கொட்டை. நல்ல பசியில் நல்லெண்ணெய் விட்ட களி உருண்டையைக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்து விழுங்கியவனிடம் போய், 'சார், கம்ஃபர்ட் ஃபுட் என்றால் என்ன?' என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒவ்வொரு பண்டத்துக்குப் பின்னாலும் ஒரு வேலைக் கணக்கு இருக்கிறது. அதை யாரும் இலையில் பரிமாறுவதில்லை.

கம்மஞ்சோறு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசிறி, உரலில் போட்டு இடித்து, முறத்தில் புடைத்து உமியை நீக்கி, மறுபடி இடித்து, மறுபடி புடைத்து, நொய்யும் மாவும் பிரித்து, கொதிக்கிற உலையில் போட்டு, அடிப்பிடிக்காமல் கிண்டி இறக்க வேண்டும். அதற்குப் பெயர் ஒரு வேளைச் சோறு. களி கிண்ட துடுப்பைப் பிடித்துப் பாருங்கள். மாவு இறுக ஆரம்பித்த பிறகு ஐந்து நிமிஷம் தாக்குப்பிடித்தால் நீங்கள் பயில்வான். பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு ஊறவைத்த மொச்சையை ஒவ்வொன்றாக, ஆமாம், ஒவ்வொன்றாக, தோலைப் பிதுக்கி எடுக்க வேண்டும். அரைப்படி மொச்சைக்கு எத்தனை கொட்டை என்று எண்ணிப் பார்த்த ஆண்மகன் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், பாராட்டுகிறேன்.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐ சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நல்ல காரியம். அதையொட்டி மேடைக்கு மேடை கம்பும் கேழ்வரகும் பேசினார்கள். 'நம் பாட்டி சாப்பிட்டது, அதனால்தான் திடமாக இருந்தாள்' என்றார்கள். பாட்டி திடமாக இருந்தது கம்பு சாப்பிட்டதாலா, அதைக் குத்தியதாலா என்று ஒருவரும் கேட்கவில்லை. பாட்டியைக் கேட்டால் சொல்லியிருப்பாள். ரேஷனில் அரிசி வந்ததும் உரலைத் தூக்கிக் கொல்லையில் கவிழ்த்தவள் அவள்தானே! அவள் ருசி தெரியாதவள் இல்லை. தன் தோள்பட்டை வலி தெரிந்தவள்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். போடிக்கு 'ஏலக்காய் நகரம்' என்று பெயர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிற ஊர். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். 2019 ஆகஸ்டில், மலை மேலே புற்றடி ஏல மையத்தில், ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அடுத்த சில வருஷங்களில் 1,000 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. ஏறினாலும் இறங்கினாலும், அதைப் பறிக்கிற பெண்ணின் அஞ்சறைப் பெட்டியில் ஏலக்காய் எத்தனை இருக்கும்? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பாயசத்தில் தட்டிப் போட நாலு காய். மற்ற நாளெல்லாம் அந்த மணம் சேலையில் ஒட்டிக்கொண்டு வருவதோடு சரி.

இது போடியின் கதை மட்டுமல்ல. உலகத்திலேயே அதிக ஏலக்காய் ஏற்றுமதி செய்கிற நாடு கௌதமாலா. நம் செடிதான், ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் கொண்டுபோய் அங்கே வைத்தது. அங்கே மலைச்சரிவில் அதைப் பயிரிடுகிற பூர்வகுடி மக்கள் சாப்பிடுவது மக்காச்சோள ரொட்டியும் பீன்ஸும். காயில் பெரும்பகுதி அரபு நாட்டுக் காப்பிக்குப் போகிறது. ருசியைப் பயிர் செய்கிறவர்கள் வேறு, ருசிக்கிறவர்கள் வேறு. போடியில் இந்தப் பிரிவினை மலையில் தொடங்கி, வீட்டு அடுப்படிக்குள்ளேயும் தொடர்கிறது என்பதுதான் என் வாதம்.

'அம்மியில அரைச்ச ருசி மிக்ஸியில வருமாய்யா?'

வராது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொல்கிற பத்துப் பேரில் எத்தனை பேர் அம்மிக் குழவியைப் பிடித்தவர்கள்? கோயமுத்தூரில் சபாபதி என்பவர் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கியது 1955-ஐ ஒட்டி. அதற்கு முன் இட்லிக்கு ஆட்டுரலில் மணிக்கணக்காகச் சுற்றியது யார் கை? 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தபோது, 'ஓசியில கொடுத்து மக்களைச் சோம்பேறி ஆக்குறாங்க' என்று பேசியவர்களை நினைவிருக்கிறதா? அதைப் பேசியவர்களில் பெரும்பாலோர், ஆட்டுரல் பக்கமே போகாமல் மூன்று தலைமுறை இட்லி சாப்பிட்ட வம்சம்! யார் சோம்பேறி?

பாரம்பரியம் என்ற வார்த்தையே கொஞ்சம் சந்தேகத்துக்குரியது. அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் வீட்டுச் சாப்பாடு என்றால் கேசரோல், ஹாட்டிஷ் என்று உருகுவார்கள். கறி, காய்கறி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு, டின்னில் வரும் சூப்பை மேலே ஊற்றி, அடுப்புக்குள் தள்ளி வேகவைப்பது. 'எங்க பாட்டி கைமணம்' என்று அவர்களும்தான் சொல்கிறார்கள். அந்த வகையில் மிகப் பிரபலமான பச்சை பீன்ஸ் கேசரோலின் செய்முறை பாட்டி வீட்டில் பிறந்ததல்ல. 1955-ல் கேம்ப்பெல் சூப் கம்பெனியின் சோதனைச் சமையலறையில், டார்கஸ் ரெய்லி என்ற பெண்மணியின் தலைமையில் பிறந்தது. சூப் விற்கத்தான் கண்டுபிடித்தார்கள். நன்றி நவிலும் நாள் விருந்தில் அதுவே பாரம்பரியமாகிவிட்டது.

சிரிக்காதீர்கள். ஏன் அது அத்தனை வீடுகளில் நுழைந்தது? வேலை குறைந்தது. பீன்ஸ், சூப், பால், மேலே தூவ வறுத்த வெங்காயம் என்று கைக்கெட்டுகிற சாமான்கள், பத்து நிமிஷம் கலக்குகிற வேலை. பெண்கள் பாரம்பரியத்தைக் கைவிடவில்லை, தங்கள் முதுகைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கேழ்வரகை மெஷினில் கொடுத்து அரைத்துக்கொண்ட போடிப் பெண்ணும் அதைத்தான் செய்தாள். மசாலாப் பொடி பாக்கெட் வாங்குகிறவளும் அதைத்தான் செய்கிறாள். அந்தப் பாக்கெட்டைப் பார்த்து முகம் சுளிக்கிற ஐயா, நீங்கள் மிளகாய் வற்றலையும் மல்லியையும் வெயிலில் காயப்போட்டு, காக்காய் விரட்டி, வறுத்து, அரைத்துக் கொண்டுவந்து கொடுங்கள். யார் வேண்டாம் என்றது?

'என்னய்யா, பெத்த தாய் ஆக்கிப் போட்டதுக்குக் கூலி கணக்கா? அன்புக்கு விலையா?' இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நியாயமான கேள்விதான். பதிலும் சொல்கிறேன்.

அன்பு இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கல்யாண வீட்டில் சமைப்பவர் யார்? பெரும்பாலும் ஆண், மாஸ்டர். ஓட்டலில் புரோட்டா போடுபவர்? ஆண், அவரும் மாஸ்டர். கோயில் கிடாவெட்டில் அண்டா கிண்டுபவர்? ஆண். நளபாகம் என்கிறோம், பீமபாகம் என்கிறோம், எல்லாம் ஆம்பிளை பெயர். பணமும் பேரும் கிடைக்கிற இடத்தில் ஆண் சமைப்பான். இரண்டும் இல்லாத இடத்தில் அது பெண்ணின் 'அன்பு' ஆகிவிடும். அன்பு ஏன் ஒரு பக்கமாகவே ஒழுகுகிறது? அப்பாக்களுக்குப் பிள்ளைகள் மேல் அன்பு இல்லையா? இருக்கிறதல்லவா? அப்படியானால் அது ஏன் அடுப்புப் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது?

மத்திய அரசு 2019-ல் ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. நாட்டில் கூலியில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம். ஆண்கள் 26.1 சதவீதம். நாலு ஆம்பிளையில் மூணு பேர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்தவர்கள் செலவழித்த நேரம் 97 நிமிஷம், பெண்கள் 299 நிமிஷம். 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289 நிமிஷம். பத்து நிமிஷம் மிச்சம், மிக்ஸிக்கும் கேஸ் அடுப்புக்கும் நன்றி. ஆண்கள்? 88 நிமிஷம்! ஏறத்தாழ பெண்ணுக்குக் குறைந்த அளவு நமக்கும் குறைத்துக்கொண்டோம். என்ன ஒரு சமத்துவம்!

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை செய்யும் பெண்களை, பிச்சைக்காரர்களோடும் சிறைக் கைதிகளோடும் ஒரே பட்டியலில், உற்பத்தியில் ஈடுபடாதவர்களாக வைத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2010-ல் ஒரு விபத்து நஷ்டஈட்டு வழக்கில் இதைக் கண்டித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் மனைவியின் வீட்டு உழைப்பும் அடங்கியிருக்கிறது, அவளுக்குச் சமபங்கு உண்டு என்று சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 15-ல் மாதம் 1,000 ரூபாய் மகளிர் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியபோது, அதற்கு உதவித்தொகை என்று பேர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தார்கள். ஆயிரம் ரூபாய் போதுமா என்று கேளுங்கள், கேட்கலாம். ஆனால் அந்த 'உரிமை' என்ற வார்த்தை சரியான வார்த்தை. நீதிமன்றமும் அரசாங்கமும் கணக்குப் பார்க்க ஆரம்பித்த விஷயத்தை, நாம் மட்டும் 'அன்பு' என்று சொல்லி இலையை மடக்கிக்கொண்டு எழுந்திருக்க முடியாது.

கடைசிக் கேள்வி, சட்டியில் மிச்சம் என்ன?

எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவதுதான் நல்ல பெண்ணுக்கு இலக்கணம் என்று வைத்திருக்கிறோம். கருவாட்டுக் குழம்பில் கருவாட்டுத் துண்டு வீட்டுக்காரருக்கும் பையனுக்கும் போய்விடும். அவளுக்கு அடிக்குழம்பு. முட்டை இருந்தால் பிள்ளைக்கு. பால் இருந்தால் பெரியவருக்கு. தோட்டத்தில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்தவள் தட்டில் சோறு மட்டும் குவியலாக இருக்கும், மற்றதெல்லாம் பேருக்குத்தான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. கேழ்வரகும் கீரையும் கருவாடும் சமைக்கத் தெரிந்த கைகளில் ரத்தம் இல்லை! இதுதான் நாம் போற்றிப் பாதுகாக்க வேண்டிய பாரம்பரியமா?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற ஆளில்லை நான். இரண்டு காரியம் சொல்கிறேன்.

ஒன்று, ஊர்க் காரியம். 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே, 150 பேருக்கு மேல் வேலை பார்க்கிற தோட்டத்தில் கேன்டீன் வைக்கச் சொல்லி மாநில அரசு விதி போடலாம் என்று இருந்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் கேன்டீனுக்கான எண்ணிக்கை 100. காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் ஏலத் தோட்டங்களில் பெரும்பாலானவை சில ஏக்கர் தோட்டங்கள். இன்றைக்கு இந்தத் தோட்டம், நாளைக்கு அடுத்த தோட்டம் என்று ஜீப்பில் போகிறவளை எந்த முதலாளி தன் பதிவேட்டில் எழுதப்போகிறார்? எழுதினாலும் நூறு எங்கே சேரும்? ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் ஒரே சாலையில் போனாலும், சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் பத்துப் பத்துப் பேர்தான்.

அதனால் தோட்டத்தை எண்ணாதீர்கள், ஜீப்பை எண்ணுங்கள். ஜீப் புறப்படுகிற இடங்களில், போடியிலும் கம்பத்திலும் கூடலூரிலும், விடியற்காலையில் ஒரு பொதுச் சமையலறை திறக்கட்டும். சூடான காலைச் சாப்பாடு, மதியத்துக்குத் தூக்குவாளி நிறைய. சமைக்கிற பெண்களுக்கு ஒழுங்கான சம்பளம். நடக்காத காரியமா? 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். 2013-ல் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டுக் காட்டினார்கள். அங்கே சமைத்தவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். வீட்டில் போட்டால் கடமையாக இருந்த அதே சாம்பார், அங்கே போட்டதும் சம்பளமாக மாறியது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிய காலை உணவுத் திட்டத்தால், ஜீப்புக்கு ஓடுகிற தாய்மார்களுக்கு ஒரு தட்டு வேலை குறைந்தது. பிள்ளைக்குச் செய்ய முடிந்ததைத் தாய்க்குச் செய்ய முடியாதா? பணம் எங்கே என்கிறீர்களா? ஏலத்தில் போகிற ஒவ்வொரு கிலோ காய்க்கும் ஒரு சின்னத் தொகை ஒதுக்கினால் போதும். காயின் மணத்துக்கு விலை கொடுக்கிறவர்கள், அதை எடுத்த கைக்கு ஒரு வேளைச் சோறு போடுவதில் என்ன நஷ்டம்?

இரண்டாவது, வீட்டுக் காரியம். இது உங்களுக்கும் எனக்கும்.

போடியில் அந்த அம்மாக்களின் பெண் பிள்ளைகள் இன்றைக்குப் படிக்கிறார்கள். நர்ஸாக, டீச்சராக, கம்ப்யூட்டர் வேலைக்காக மதுரைக்கும் கோயமுத்தூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். நெடுங்காலம் ரயில் இல்லாமல் கிடந்த போடிக்கு 2023 ஜூனில் அகலப்பாதை ரயில் வந்ததும் அந்தப் பயணம் இன்னும் சுலபமாகிவிட்டது. ரொம்ப நல்லது. அவர்கள் பிதுக்குப் பருப்புப் பிதுக்க ஊருக்குத் திரும்பி வரப்போவதில்லை. வரவும் வேண்டாம். அப்படியானால் அந்தக் குழம்பு என்ன ஆகும்? கம்மஞ்சோற்றின் பக்குவம் யாரிடம் போகும்?

ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. பையன்கள் கற்றுக்கொள்ள வேண்டும். அடுப்படிக்கு வெளியே நின்று பாரம்பரியத்துக்காகக் கண்ணீர் விடுகிற அத்தனை ஆண்களும் உள்ளே வந்தால், அழிகிறது என்று நீங்கள் பயப்படுகிற ஒவ்வொரு பண்டமும் பிழைத்துக்கொள்ளும். களி கிண்டத் தோளில் பலம் வேண்டும் என்றால், அது நம்மிடம்தானே அதிகம் இருக்கிறது என்று மார்தட்டுகிறோம்! பாரம்பரியத்தைக் காப்பாற்றப் பாதிப் பேர் வேலை செய்து, மீதிப் பேர் சாப்பிட்டு ரசிப்பது என்ற ஏற்பாடு முடிந்துவிட்டது. வேலை செய்த பாதி, 'எங்களால் முடியாது சாமி' என்று எழுந்துவிட்டது.

ஆகவே, அன்பான ஆண்மக்களே! 'எங்க அம்மா வைக்கிற மொச்சைக் குழம்பு மாதிரி உலகத்துலயே கிடையாது' என்று அடுத்த தடவை வாயைத் திறக்கும் முன், உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். அதில் புளி எவ்வளவு? மொச்சை எத்தனை மணி நேரம் ஊற வேண்டும்? கருவாட்டை எப்போது போட வேண்டும்? தெரியாதென்றால், அம்மா இருக்கும்போதே போய்க் கேட்டு, பக்கத்தில் நின்று, ஒரு நாள் நீங்களே வையுங்கள். உப்புக் கூடினாலும் பரவாயில்லை. வைத்து முடித்ததும் அம்மாவை உட்காரச் சொல்லி, முதல் தட்டை அவர்களுக்குப் போடுங்கள். கருவாட்டுத் துண்டோடு.